கிரேன்காரியின் கோபம்

இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவளை அன்று காலை ஏணியில் கால் வைக்கவே விடவில்லை. மேலே, அவளுடைய சீட்டில், வேறொருவன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"மனசு நிலையா இல்லாதவங்க கையில அத்தனை இரும்பைக் குடுக்க முடியாதும்மா. உன் வீட்டுக்காரரே போன் பண்ணிச் சொல்லிட்டாரு" என்றார் சூப்பர்வைசர்.

அவள் கத்தினாள். அவர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் தலையாட்டினார்.

வயிற்றில் இருப்பது முதல் பிள்ளை. நாள் தள்ளி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காரணமில்லாமல் அழுகை வருவதும், சோப்பு வாசனைக்கே எரிந்து விழுவதும் உண்மைதான். ஆனால் லீவரில் கை வைத்தால் அவளுக்கு வேறு நினைப்பே இருக்காது. டாக்டரம்மாவும் வேலைக்குப் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார். அந்தக் கிடங்கிலோ, ஒருமுறை கைவிட்டுப் போன சீட்டு திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

டைல்ஸ் கடையில் வேலை பார்க்கும் புருஷன் சாயங்காலம் பழப்பையோடு வந்து நின்றான். என்னவோ பெரிய உபகாரம் செய்துவிட்ட முகம்.

"யாரைக் கேட்டு என் சூப்பர்வைசருக்குப் போன் பண்ணீங்க?"

"இதோ பாரு, எப்படி எரிஞ்சு விழறே. இது நீயா பேசல. மூணு மாசம் இப்படித்தான் இருக்குமாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழப்பை சுவரில் மோதிச் சிதறியது.

"நான்தான் பேசறேன்! நேத்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதது யாரு? தூக்கத்துல 'விழுந்துடும், விழுந்துடும்'னு உளறுறது யாரு? நானா?"

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "பயமா இருக்குடி. அவ்வளவு உயரத்துல நீ... அப்பா ஆகறதே எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஏன் வர வேண்டும்?

"உங்க பயத்துக்கு என் வேலைதான் கெடச்சுதா? போன் போடுங்க. இதை அவர்கிட்டச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டான். குரல் நடுங்கினாலும் ஒளிக்காமல்தான் சொன்னான். "அவ நல்லாத்தான் இருக்கா சார். எனக்குத்தான் பயம், தூக்கமில்ல. தப்பாச் சொல்லிட்டேன். அவ சீட்டைக் குடுத்துடுங்க."

மறுமுனையில் சிரிப்பு. "பக்கத்துல நிக்கிறாங்களா தம்பி? மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா? புரியுது, புரியுது. என் வீட்லயும் இதே கூத்துதான் நடந்துச்சு. கொழந்தை பொறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்." வைத்துவிட்டார்.

அவன் முகம் சிவந்து போனது. "நான் சொல்றதைக் காதுலயே வாங்கலியே அந்த ஆளு!" என்று கத்தினான்.

"மெதுவா," என்றாள் அவள். "அக்கம்பக்கத்துல கேட்டா, உங்களைக் கத்த வெச்சதும் நான்தான்னு சொல்லுவாங்க."