எட்டு நாற்பதுக்கு ஒரு திருத்தம்

அந்தத் திருத்தத்தைச் செய்தவர் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

நூலகத்தின் கீழ் அறையில், கையில் தண்ணீர் டம்ளரோடு, அவள் திரையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு படியேறிப் போய், புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்ட்டரில் இருந்த அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இங்க பாருங்கக்கா. கடைசியா திருத்தியவர்னு யார் பேர் இருக்கு?"

அக்கா நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கினாள். "நம்ம பூதக்கண்ணாடி பேரு."

"தேதி?"

"இன்னிக்கு. காலையில எட்டு நாப்பது." அக்கா கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினாள். "உயிரோட இருந்தப்பவும் எட்டு நாப்பதுக்குத்தான் வருவார். செத்தும் லேட்டாகலை பாரு மனுஷன்."

"சிரிக்காதீங்கக்கா."

"ஏதாவது மெஷின் கோளாறா இருக்கும், புதுசு. மேல ஆள் நிக்குது, நான் போறேன்."

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகப் போகிறது, இன்னும் அவளுக்குப் 'புதுசு' என்றே பெயர். அவளுக்கு முன்னால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்தான் பூதக்கண்ணாடி. சி.டி. வட்டுகளின் விளிம்பில் கடுகளவில் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் விடாமல் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பாராம். நோயில் படுத்தபோது இவளை வேலைக்கு எடுத்தார்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்தார், பிறகு போய்ச் சேர்ந்தார். இவள் அவரைப் பார்த்ததே இல்லை.

கீழ் அறையின் வேலை, நூலகத்துக்கு வரும் வீடியோ கேம்களையும் கணினி மென்பொருள்களையும் பட்டியலில் ஏற்றுவது. புத்தகம் என்றால் புரட்டிப் பார்த்தால் போதும். கேமை அப்படிப் பார்க்க முடியாது. அட்டைப்பெட்டியில் ஒரு தலைப்பு இருக்கும், வட்டின் மேல் இன்னொன்று இருக்கும், ஓடவிட்டால் திரையில் மூன்றாவதாக ஒன்று வரும். திரையில் வருவதுதான் செல்லும் என்பது விதி. ஆகவே ஒவ்வொன்றையும் அதற்குரிய இயந்திரத்தில் போட்டு, ஓடவிட்டு, பார்த்து எழுத வேண்டும். அதற்காகவே அந்த அறையில் இரண்டு பழைய டிவிகள், டிவியில் இணைத்து ஆடும் ஐந்து விளையாட்டுப் பெட்டிகள், மூன்று தலைமுறைக் கணினிகள், கால் வைத்தால் தடுக்கிவிடும் அளவுக்கு வயர்கள்.

முந்தின நாள் நேரமாகிவிட்டது என்று ஒரு கேமை ஓடவிடாமலே அட்டையைப் பார்த்து ஏற்றியிருந்தாள். 'நீர்மூழ்கி வீரன்' என்று எழுதியிருந்தாள். இப்போது அது 'கடலடியில் நாற்பது நாள்' என்று மாறியிருந்தது. கீழே குறிப்பு: பெட்டியில் உள்ள தலைப்பு வேறு. அலமாரியைத் திறந்து வட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கரும்பச்சைத் தண்ணீர் அசைந்தது, எழுத்து மெல்ல மேலே மிதந்து வந்தது. கடலடியில் நாற்பது நாள்.

அறைச் சாவி இரவெல்லாம் அவள் கைப்பையில்தான் கிடந்தது.

மறுநாள் இன்னொன்று. நட்சத்திரங்கள் எங்கே இருக்கும் என்று காட்டும் ஒரு மென்பொருள். 'ஒலி இல்லை' என்று எழுதியிருந்தாள். 'ஒலி உண்டு. ஏழாவது நிமிடத்தில் ஒரு மணி அடிக்கும்' என்று மாறியிருந்தது. திருத்திய நேரம் எட்டு நாற்பது. ஓடவிட்டு உட்கார்ந்தாள். ஆறு நிமிடம் கருப்பு வானம் சத்தமில்லாமல் சுழன்றது. ஏழாவது நிமிடத்தில், எங்கோ தூரத்தில் அடிப்பதுபோல ஒரே ஒரு மணி. ஏழு நிமிடம் காத்திருந்தவனுக்குத்தானே அது தெரியும்?

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன், முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வாரமாகக் குப்புறப் படுத்திருந்தான்.

"உன் தப்பையெல்லாம் ஒருத்தர் சம்பளம் வாங்காம திருத்தறார். கசக்குதா?"

"ஆளே இல்லைங்க!"

"ஆள் இருந்தாத்தான் பேச்சு, அரசியல், பொறாமை. ஆறு மாசம் முடிஞ்சதும் நிரந்தரம் பண்றாங்களா இல்லையா, அதைப் பாரு முதல்ல. நான் எப்ப எழுந்திருப்பேன்னு எனக்கே தெரியலை."

இரண்டு வாரத்தில் பதினொரு திருத்தங்கள் வந்தன. பதினொன்றும் சரி.

புதன்கிழமை தலைமை நூலகர் கூப்பிட்டு அனுப்பினார். குரலை உயர்த்தாத மனிதர். அதனாலேயே எல்லாருக்கும் பயம்.

"உட்காருங்கம்மா. ஒருத்தரோட லாகின்ல தொண்ணூறு நாள் யாரும் நுழையலேன்னா, அது தானா அழிஞ்சிடும். அவரோடது அழியலை. ஏன்னு பார்த்தேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு யாரோ ஒரு வீட்டிலேர்ந்து நுழையறாங்க. ரெண்டு வாரமா காலையில எட்டு நாப்பதுக்கு உங்க அறையில இருக்கற மூணாவது கணினியிலேர்ந்தும் நுழையறாங்க. அந்த அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் சார்."

"சொந்தப் பதிவை அடிக்கடி திருத்தினா உங்க பேர்ல தப்புன்னு ஏறும். அதனால செத்தவர் பேர்ல பூந்து திருத்தறீங்க. அப்படித்தானே?"

"சார், எட்டு நாப்பதுக்கு நான் பஸ்ல தொங்கிட்டு வர்றேன்!"

"அப்ப யாருன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை காலைக்குள்ள. அன்னிக்குத்தான் உங்களை நிரந்தரம் பண்ற ஃபைல்ல கையெழுத்துப் போடணும். எப்படி இருந்தாலும் அந்த லாகினை நான் அழிச்சிடுவேன்."

"அழிச்சா அவர் ஏத்தின பதிவெல்லாம்?"

"பதிவு இருக்கும். 'பட்டியலிட்டவர்'ங்கற இடத்துல அவர் பேருக்குப் பதிலா 'நிர்வாகம்'னு வந்துடும்."

ஆயிரத்து நூறு பதிவுகள். அவர் இருந்ததற்கு அந்த நூலகத்தில் வேறு அடையாளம் கிடையாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து என்றால், அது எந்த வீடு என்று கவுன்ட்டர் அக்காவைக் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பூதக்கண்ணாடியின் விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவருடைய மனைவி. அந்த அம்மாளின் கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா தொங்கியது. உள்ளே ஒரு தையல் மெஷின், பாதி தைத்த ஜன்னல் திரைகள், மூலையில் துணி போட்டு மூடிய கணினி.

"நூலகத்திலேர்ந்தா? வாம்மா. அவர் இடத்துக்கு வந்த பொண்ணா நீ?" அம்மாள் நாற்காலியில் கிடந்த துணியை அள்ளினாள். "உன்னைப் பத்திச் சொல்வார். அவசரக்குடுக்கைன்னு."

"என்னைப் பார்த்ததே இல்லையேம்மா!"

"நீ எழுதினதைப் பார்த்திருக்காரே."

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். அம்மாள் மறைக்கவில்லை.

"நான்தான் நுழையறேன். தொண்ணூறு நாள் விட்டா பேரை எடுத்துடுவாங்கன்னு அவரே ஒரு நாள் சொன்னார். சும்மா பேச்சுவாக்குலதான் சொன்னார். கடவுச்சொல்லை சீட்டுல எழுதி திரையிலேயே ஒட்டி வச்சிருந்தார். தொண்ணூறு நாளை யார் எண்ணிக்கிட்டு இருக்கறது? அதான் தினமும் போயிட்டு வந்துடறேன்."

"அப்ப திருத்தறதும் நீங்கதானா?" அவளுக்கு மூச்சு லேசானது. "ஏம்மா, நாளைக்கு என் வேலை…"

"எதைத் திருத்தறது? நுழைவேன், அவர் பேரை ஒரு தடவை பார்ப்பேன், வெளிய வந்துடுவேன். எனக்கு அந்த விளையாட்டெல்லாம் என்ன தெரியும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன திருத்தியிருக்கு?" அம்மாளின் குரல் இறங்கியிருந்தது.

நீர்மூழ்கியைச் சொன்னாள். ஏழாவது நிமிடத்து மணியைச் சொன்னாள். அம்மாள் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். மணியைச் சொன்னபோது சிரித்துவிட்டாள்.

"அவர்தான். சோறு ஆறிப்போனாலும் முழுசா ஓடி முடியாம எழுந்திருக்க மாட்டார்."

மணி ஆறாக இரண்டு நிமிடம் இருந்தது. "நீயே பாரு," என்று அம்மாள் துணியை விலக்கிக் கணினியைத் திறந்தாள். பெயரை அடித்தாள். கடவுச்சொல்லை அடித்தாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. அம்மாள் யோசிக்காமல் விரலைக் கொண்டுபோனாள்.

"இருங்க!" அவள் அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இதைப் படிச்சீங்களா?"

"இது தினமும் வரும். ரெண்டு வாரமா. 'ஆம்' போட்டாத்தான் உள்ள விடும்."

"படிங்கம்மா."

அம்மாள் திரைக்கு அருகே குனிந்தாள். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள். "இந்தப் பயனர்… இப்போது வேறொரு கணினியில்… உள்ளே இருக்கிறார். அவரை வெளியேற்றவா?"

அவளுடைய அறை பூட்டிக் கிடந்தது. சாவி மடியில் இருந்த பையில் இருந்தது.

அம்மாள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு, "தினமும் நான்தான் அவரைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு இருந்தேனா?" என்றாள்.

"உங்களுக்குத் தெரியாதேம்மா."

"பதினஞ்சு நாளா… மறுபடி மறுபடி வந்திருக்காரே. தள்ளத் தள்ள." அம்மாள் விரலை மறுபக்கம் நகர்த்தினாள். 'இல்லை' என்பதை அழுத்தினாள். பெட்டி மறைந்தது.

வெள்ளிக்கிழமை காலை தலைமை நூலகரின் மேஜையில் அவளுடைய ஃபைல் திறந்து கிடந்தது. பேனாவும் மூடி கழற்றிய நிலையில் இருந்தது. ராத்திரி முழுக்க அவள் ஒத்திகை பார்த்த உண்மை, அந்த அறையின் வெளிச்சத்தில் நாக்குக்கு வரவில்லை. அந்த அம்மாளைக் காட்டிக்கொடுத்தால் பாதி உண்மை. மீதியைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

"நான்தான் சார்," என்றாள்.

"சாயங்காலமும்?"

"சாயங்காலமும்."

அவர் பேனாவை எடுத்து மூடினார். "நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். திருத்தினது பதினொண்ணும் சரியா இருக்கு, அதனால வேலையை விட்டு எடுக்கலை. இன்னும் ஆறு மாசம் தற்காலிகம். லாகினை இப்பவே எடுத்துடறேன்."

"சார், அதை மட்டும் விட்டுடுங்க." தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "அவர் பேர் இருந்துட்டுப் போகட்டும். இனி ஒரே ஒரு திருத்தம் அந்தப் பேர்ல வந்தாலும், அவர் பேரோட என் பேரையும் சேர்த்தே எடுத்துடுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவரும் பூதக்கண்ணாடியும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று கவுன்ட்டர் அக்கா சொல்லியிருந்தாள்.

"ஒண்ணு வந்தாலும்," என்றார்.

கீழே வந்து கதவைச் சாத்தினாள். விளக்கைப் போட்டாள். யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியவில்லை. மூன்றாவது கணினிக்கு முன்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா, கேட்டுக்கங்க. வாங்க, போங்க, உட்காருங்க. என் தப்பைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கங்க. ஆனா பதிவுல மட்டும் கையை வைக்காதீங்க. வச்சீங்கன்னா ரெண்டு பேருக்கும் இங்க இடம் இல்லை. என் தப்பு என் பேர்லயே இருக்கட்டும். நான் நிதானமாப் பார்க்கறேன்."

வயர்களுக்கு நடுவே எங்கோ ஒரு கணினியின் மின்விசிறி சுழன்று நின்றது.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது புருஷன் படுக்கையிலிருந்து தலையை மட்டும் தூக்கினான். "இல்லாத ஆளுக்காக இருக்கற வேலையை அடகு வச்சிட்டு வந்திருக்கே." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

திங்கட்கிழமை ஓட்டமும் நடையுமாக வந்து பட்டியலைத் திறந்தாள். திருத்தம் இல்லை. செவ்வாய், புதன், இல்லை. வியாழக்கிழமையும் பட்டியல் அவள் விட்டுப்போனபடியே இருந்தது. ஆனால் மூன்றாவது கணினியின் வட்டுத்தட்டு வெளியே நீண்டிருந்தது. அதில் ஒரு புதிர் விளையாட்டின் வட்டு. முந்தின நாள் ஏற்றிவிட்டு அலமாரியில் அவள் பூட்டிவைத்தது. தட்டை உள்ளே தள்ளி முழுசாக ஓடவிட்டாள். மூன்று நிலைகள் என்று எழுதியிருந்தாள். நாலாவது ஒன்று இருந்தது.

தன் பெயரிலேயே திருத்தினாள். அவள் கணக்கில் ஒரு தப்பு ஏறியது.

அன்று சாயங்காலம் ஆறு அடித்துச் சில நிமிடத்தில் அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது ஃபோன் வந்தது.

"நான்தாம்மா பேசறேன். இனி நான் நுழையத் தேவையில்லைன்னு தெரியும். அவரே வந்து போறார், பேர் அழியாது. ஆனாலும் பேரை அடிச்சுப் பார்க்கறேன்."

"திரையில வருதாம்மா, அந்தக் கேள்வி?"

"வருது."

"என்ன போட்டீங்க?"

"இல்லைன்னு போட்டேன். வாசல் வரைக்கும் போய், உள்ள விளக்கு எரியுதான்னு பார்த்துட்டு வர்ற மாதிரி இருக்கும்மா." அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "இன்னிக்கு ஏதாவது தப்புப் பண்ணினியா?"

"ஒண்ணு."

"நாளைக்கும் ஏதாவது பண்ணு," என்றாள் அம்மாள். "சும்மா உட்கார வச்சா அவருக்குப் பிடிக்காது."