ஆதிமனிதன் முகத்தில் விழுந்த முத்திரை

ஒரு தபால்தலையைக் கவரிலிருந்து சேதமில்லாமல் பிரிக்கச் சரியான வழி ஒன்றுதான் உண்டு. அதை இதுவரை முந்நூறு பேருக்காவது விளக்கியிருப்பேன். அவர்களில் ஒருவர்கூட விளக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

கவரின் மூலையை, தபால்தலையைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு வெட்ட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். கால் மணி நேரத்தில் பசை கரையும். அப்போதும் உரிக்கக் கூடாது. தாளை மெல்ல நகர்த்தினால் அதுவே வழுக்கிக்கொண்டு போய்விடும். பிறகு தபால்தலையைக் குப்புறப் போட்டு உலர்த்தி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு நாள் வைக்க வேண்டும். இதற்குத் தேவை பொறுமை. அது என்னிடம் நிறைய உண்டு. என்னிடம் மாட்டிக்கொள்பவர்களிடம்தான் பற்றாக்குறை.

பகலில் நான் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் லிஃப்டில் சிக்கியவர்களுக்கு, கதவைத் திறப்பதற்கு முன்பே அது ஏன் நின்றது என்று விளக்க ஆரம்பித்துவிடுகிறேன் என என்மேல் ஒரு புகார் உண்டு. புகார் உண்மைதான். ஆனால் விளக்கத்தில் ஒரு பிழையும் கிடையாது.

மற்ற நேரத்தில் ஆதிமனிதர்களைச் சேர்க்கிறேன். தபால்தலைகளில் வரும் ஆதிமனிதர்களை மட்டும். இருபத்தாறு வருடச் சேகரிப்பு. கல்லாயுதம், குகை ஓவியம், மண்டையோடு, தோண்டிய குழி எல்லாம் இதில் அடக்கம். பதினாறு தாள்களில் ஒட்டி, கீழே குறிப்பு எழுதி, எங்கள் தபால்தலைச் சங்கத்தின் கண்காட்சியில் மூன்று முறை வைத்திருக்கிறேன். மூன்று முறையும் "பங்கேற்றமைக்குப் பாராட்டு" என்ற சான்றிதழ் கிடைத்தது. வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்ப மனசு வராதவர்களுக்குத் தருகிற சான்றிதழ் அது.

தபால்தலை ஆதிமனிதனிடம் சில குணங்கள் உண்டு. எந்த நாட்டில் அச்சடித்தாலும் அவன் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். தலை வாரியிருக்கும். உடம்பில் துணி இருக்காது, ஆனால் சரியான இடத்தில் எப்போதும் ஒரு முழங்கால், ஒரு பாறை அல்லது செத்த மானின் கால் குறுக்கே வந்துவிடும். இவ்வளவு ஒழுங்காக உட்காரத் தெரிந்தவனுக்கு வேட்டைக்கு எப்படி நேரம் கிடைத்தது என்று தெரியவில்லை.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் என் மனைவி. அவள் நிஜமாகவே ஆதிமனிதர்களைத் தோண்டுகிறவள். கல்யாணத்துக்கு முந்தின வருடம் வேறொரு நாட்டில் ஓர் அகழாய்வில் வேலை பார்த்தாள். அங்கிருந்து எனக்கு இருபத்து மூன்று கடிதங்கள் எழுதினாள். அந்த நாட்டுத் தபால்துறை அப்போதுதான் ஆதிமனிதன் வரிசையில் ஆறு தபால்தலைகளை வெளியிட்டிருந்தது. ஒவ்வொரு கவரிலும் அவற்றில் ஒன்று இருந்தது. காதல் கடிதம் வந்தால் மற்றவர்கள் முதலில் கவரைப் பிரிப்பார்கள். நான் கத்தரியைத் தேடினேன்.

போன சனிக்கிழமை காலை அவள் கையில் அந்தக் கடிதக் கட்டோடு வந்து நின்றாள்.

"ஏங்க, இந்தக் கவர் எதுலயுமே மூலை இல்லையே."

"மூலை ஆல்பத்துல இருக்கு."

"மூலையா, ஸ்டாம்பா?"

"ஸ்டாம்ப். மூலையை ஊறவெச்சா ஸ்டாம்ப் தனியா வந்துடும். மிச்சத் தாளைத் தூக்கிப் போட்டுடணும். அதுதான் முறை. தண்ணி மட்டும் கொதிக்கக் கூடாது, ஏன்னா..."

"எந்த ஸ்டாம்ப் எந்தக் கவர்லருந்து வந்ததுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

இதற்கு என்னிடம் நீண்ட விளக்கம் இருந்தது. அதன் சுருக்கம் 'இல்லை' என்பது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அந்த அகழாய்வின் இறுதி அறிக்கை இருபத்தாறு வருடம் கழித்து இப்போதுதான் அச்சுக்குப் போகிறது. அதில் ஓர் அத்தியாயம் அவளுடையது. அந்த அத்தியாயத்தின் உயிர் ஓர் எலும்பு மணி. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, நடுவில் துளை. அதை அவள்தான் கண்டெடுத்தாள், குழியின் அடியில், சாம்பல் அடுக்கில். அந்த அடுக்கில் கிடைத்தது என்றால் அந்த இடத்திலேயே மிகப் பழைய அணிகலன் அதுதான்.

ஆனால் மணி கிடைத்த அதே மாதம் பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, குழியின் ஒரு பக்கச் சுவர் சரிந்து விழுந்திருக்கிறது. மேலடுக்கு மண்ணெல்லாம் கீழே கொட்டியிருக்கிறது. மணி அதற்கு முன்னால் கிடைத்தது என்றால் அவள் சொல்வது சரி. பின்னால் என்றால், மேலிருந்து விழுந்த மண்ணோடு வந்திருக்கலாம். வெறும் நேற்றைய மணி. தொல்லியலில் நேற்று என்றால் சில ஆயிரம் வருடம்.

"குழிக்குன்னு ஒரு நாட்குறிப்பு இருக்குமே?"

"மழையில நனைஞ்சு மை கரைஞ்சுபோச்சு. அகழாய்வை நடத்தின பேராசிரியர் திங்கட்கிழமைக்குள்ள தேதி கேட்கிறார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, சுவர் நின்னுட்டுத்தான் இருந்தது. ஆனா ஞாபகத்தை அடிக்குறிப்புல போட முடியாது."

அந்த மணியைப் பற்றி அவள் எனக்கு அன்றைக்கே எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதம் இருக்கிறது. மேலே தேதிக்குப் பதிலாக 'வியாழன்' என்று மட்டும் போட்டிருக்கிறாள். சாம்பல் அடுக்கைத் தோண்டியது இரண்டே வாரம்தான்; அது ஒன்பதாம் தேதி வியாழனா, பதினாறாம் தேதி வியாழனா என்று கடிதத்தில் இல்லை. மறுநாள் காலை தபாலில் சேர்த்திருக்கிறாள். ஆக, முத்திரையில் பத்து இருந்தால் அவள் ஜெயித்தாள். பதினேழு இருந்தால் அத்தியாயமே போச்சு. அந்த முத்திரையைத்தான் நான் மூலையோடு வெட்டி எடுத்திருந்தேன்.

அவள் சுவரில் மாட்டியிருந்த என் கண்காட்சித் தாள்களில் பன்னிரண்டாவதைப் பார்த்தாள். தலைப்பு 'அகழாய்வு'. கீழே என் அழகிய கையெழுத்தில் ஒரு குறிப்பு. அதை அவள் நிதானமாக வாசித்தாள்:

"'ஒரு பொருளை அது கிடந்த இடத்திலிருந்து பிரித்துவிட்டால் அதன் கதையில் பாதி அழிந்துவிடும்.' யார் எழுதினது இது?"

"நீ சொன்னதுதான்."

"நான் சொன்னது சரி. கேட்டது யாரு?"

கடிதத்திலேயே ஒரு தடயம் இருந்தது. கடைசி வரி: 'இந்தத் தடவை ஸ்டாம்பில் இருப்பவர் தீ மூட்டுகிறார். அடுப்பு பற்றாதபோது உங்கள் முகம் இப்படித்தான் இருக்கும்.' அப்படியானால் தேட வேண்டியது தீ மூட்டும் மனிதனை. ஆல்பத்தைத் திறந்தேன். தீ மூட்டும் மனிதன் இருந்தான், பளபளவென்று, ஒரு சொட்டு முத்திரை மை இல்லாமல்.

இவன் அவள் அனுப்பியவன் அல்ல. அவள் அனுப்பிய தீ மூட்டும் மனிதர்கள் மொத்தம் நான்கு. நான்கு பேர் முகத்திலும் அந்த ஊர்த் தபால்காரர் முத்திரையைக் கரியாக அப்பியிருந்தார். கண்காட்சியில் வைக்க லட்சணமாக இல்லை என்று, நான்கையும் சங்கத் தோழர் ஒருவரிடம் கொடுத்துப் புத்தம் புதிதாக ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தேன். இருந்த தேதிகள் அத்தனையையும் கொடுத்து, தேதியே இல்லாத ஒன்றை வாங்கி, அதை லாபம் என்று வேறு அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

"இப்ப அது யார்கிட்ட?"

"இடுக்கிகிட்ட."

இடுக்கி ஒரு பல் மருத்துவர். சங்கத்தில் வைத்த பேர். பிடித்தால் விடமாட்டார், பல்லானாலும் தபால்தலையானாலும். யாரிடமிருந்து எது வந்தது என்று எல்லாவற்றுக்கும் துண்டுச்சீட்டு எழுதிவைத்திருப்பார். அதை நான் பதினோரு வருடமாகக் கிண்டல் செய்துவந்தேன்.

அவருடைய கிளினிக்குக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு டப்பாவைத் திறந்து, நான்கு தபால்தலைகளையும் ஒரு நிமிடத்தில் எடுத்து மேஜையில் வைத்தார். அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"தர்றேன்யா. பதிலுக்கு ஸ்டாம்ப் எதுவும் வேணாம். பதினோரு வருஷமா நீ பேசறதை நான் கேட்டுட்டிருக்கேன். இன்னைக்கு நான் பேசறேன், நீ கேளு."

"அவ்வளவுதானா? பேசுங்க."

"இங்க இல்ல. அந்த நாற்காலியில. பல்லும் பார்த்துடறேன்."

வாயைத் திறந்து சாய்ந்தேன். ஒரு கண்ணாடியையும் எச்சில் உறிஞ்சும் குழாயையும் உள்ளே விட்டுவிட்டு அவர் தொடங்கினார். தபால்தலையின் ஓரத்தில் பல் பல்லாக இருக்கிறதே, அதை எண்ணும் விதம் பற்றி.

"ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல்னு எண்ணணும்..."

"ஆ," என்றேன். இரண்டு சென்டிமீட்டருக்கு. உலகம் முழுக்க இரண்டு சென்டிமீட்டருக்குத்தான்.

"வலிக்குதா? வலிக்காதே. அப்புறம், தாளை அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே ஓட்டை போட்டுடுவாங்க..."

"ஆ, ஆ." பின்னாடி. பெரும்பாலும் பின்னாடிதான் போடுவார்கள்.

"சும்மா இரு. நாக்கை ஆட்டினா ஊசி குத்திடும்."

நாற்பது நிமிடத்தில் பதினேழு தப்புகள். விரல்விட்டு எண்ணினேன், கை மட்டும்தான் சும்மா இருந்தது. லிஃப்டில் சிக்குகிறவர்களின் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்பது அந்த நாற்காலியில்தான் எனக்குப் புரிந்தது. கடைசியில் கொப்பளிக்கச் சொன்னார். "பல்லெல்லாம் நல்லா இருக்கு. வாய்தான் கொஞ்சம் அதிகம்," என்று சொல்லி நான்கையும் தந்துவிட்டார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கவரையும் நான்கு பேரையும் பரப்பினோம். நான்கில் மணிக் கடிதத்தின் ஆள் யார்? இங்கே அவள் வேலைதான் கை கொடுத்தது. கல்லாயுதம் செய்யும்போது சிதறிய சில்லுகளை எடுத்து, எது எதோடு பொருந்துகிறது என்று தாய்க்கல்லில் திரும்ப வைத்துப் பார்ப்பார்கள். அவள் அதில் கெட்டிக்காரி. முத்திரை வட்டமானது. வட்டம் தபால்தலைக்கு வெளியே வழிந்திருந்தால், நான் வெட்டிய விரல் அகலத்தையும் தாண்டி ஒரு துளி வளைவு கவரிலேயே மிஞ்சியிருக்கும்.

மிஞ்சியிருந்தது. வெட்டின ஓரத்தில், நகத்தை வெட்டிப் போட்டதுபோல ஒரு கறுப்பு வளைவு. நான் ஒரு விரல் அகலம் விட்டேன் என்று பெருமைப்படுவதெல்லாம் சும்மா. அன்றைக்கு அவசரத்தில் அரை விரல்தான் விட்டிருக்கிறேன். என் அவசரம்தான் எங்களைக் காப்பாற்றியது, பொறுமை அல்ல.

முதல் மூன்று பேருக்கும் முத்திரை மேற்பக்கம் விழுந்திருந்தது. நான்காவது ஆளுக்கு இடதுபக்கம் கீழே, கன்னத்திலிருந்து தொடங்கி வெளியே போயிருந்தது. அவனைக் கவரில் வெட்டுப்பட்ட மூலையில் வைத்து ஒரு காகிதத்தில் வட்டத்தை முழுசாக வரைந்து பார்த்தாள். கவரில் இருந்த வளைவு அந்தக் கோட்டில் அப்படியே உட்கார்ந்தது.

"இவர்தான். தேதியைப் பாருங்க. என் கண்ணாடி அங்க இருக்கு."

லென்ஸை வைத்தேன். மாதம் தெளிவாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு 'ஒன்று'. அடுத்த எண் மையில் பாதி மூழ்கியிருந்தது, மேல்பாதி மட்டும் தெரிந்தது. ஒரு நேர்கோடு, வலது ஓரத்தில் கூர்மையான முனை. பூஜ்யத்துக்கு முனை கிடையாது.

அவள் கண்ணாடி அடுத்த அறையில் இருந்தது. இந்த உலகத்தில் அந்த எண்ணைப் பார்த்தவன் அப்போது நான் ஒருவன்தான். பத்து என்று சொல்ல ஒரு சொல் போதும். கண்காட்சித் தாளில் தெரியாத இடத்தில் தெரிந்தமாதிரி எழுதுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அது என் குப்பை. இது அவள் தோண்டியது.

"முத்திரை அச்சில ஒரு விஷயம் இருக்கு. எண்களை ஒவ்வொண்ணா மாத்தி மாட்டுவாங்க. அதனால சில சமயம்..."

"விளக்கம் அப்புறம். தேதி."

"பதினேழு."

அவள் எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஏழுதான்," என்றாள். "சுவர் நின்னுட்டிருந்ததுன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். நாலு கருத்தரங்குல சொல்லியிருக்கேன்."

நான் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அடுப்பு, என் முகம், மணி, சாப்பாட்டில் உப்பு அதிகம். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாகத் தேதியோடு படிக்கிறேன்.

"அப்போ இதை எழுதறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் சுவர் விழுந்திருக்கு. நீ எங்க இருந்த?"

"குழிக்குள்ளதான். ரெண்டு அடி தள்ளி."

"ஒரு வரி எழுதலையே நீ."

"எழுதியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"பயந்திருப்பேன்."

"பயந்துட்டு, குழிச்சுவர் ஏன் சரியுதுன்னு பத்துப் பக்கம் எழுதியிருப்பீங்க. நான் தோண்டுவேனா, அதைப் படிப்பேனா?"

மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். உண்மையில் அந்த நிமிடம் என் மூளையில் ஓடிக்கொண்டிருந்தது, ஈர மணல் எந்தச் சரிவு வரை நிற்கும் என்பதுதான். மூடிக்கொண்டேன்.

அவள் கணினியைத் திறந்து அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தாள். தலைப்பில் இருந்த 'மிகப் பழைய' என்ற சொற்களை முதலில் எடுத்தாள். அந்தப் பக்கத்தில் பாதி போனது. பிறகு அடிக்குறிப்பை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள்:

"'மணி கிடைத்த அடுக்கு உறுதியில்லை. கிடைத்த நாளுக்குச் சான்று ஒரு தபால் முத்திரை. அந்தச் சான்று பிற்கால மனிதக் குறுக்கீட்டால் கலைக்கப்பட்டு, மீண்டும் பொருத்தப்பட்டது.'"

"மனிதக் குறுக்கீடுன்னா?"

"நீங்க. குழியைக் கலைச்சது எதுவோ அதை அறிக்கையில போடணும். எலி வளை, மரத்தோட வேர், மழைத்தண்ணி, மனுஷன். அதான் வரிசை."

"எலிக்கு அப்புறமா நான்?"

"மாத்தணுமா?"

வேண்டாம் என்றேன். திங்கள் வரை காத்திருக்காமல் அவள் அதை அப்போதே பேராசிரியருக்கு அனுப்பினாள்.