நான்கு பொட்டலப் பூ

“தூசி டாக்டர் வந்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டே பரிசோதனைக் கூடத்துக்குள் வந்தார் அந்த அம்மாள். மகள் காணாமல் போனதிலிருந்து பாதி நாள் இங்கேதான்.

“வந்தாச்சும்மா. பூ கொண்டு வந்தீங்களா?” என்றாள், அம்மாள் அப்படிப் பெயர் வைத்திருந்த மகரந்த ஆய்வாளர்.

“நீ கேட்டபடி தனித்தனிப் பொட்டலம். மருமகன் காட்டுப் பருத்தி, பக்கத்துத் தோட்டத்து வெண்டை, ஏரிக்கரைத் துத்தி. நாலாவது எங்க வீட்டுப் பூவரசு. அதுவும் இதே செடிக் குடும்பம்னு சொன்னியே, கிடக்கட்டும்னு கொண்டு வந்தேன்.”

“பூவரசு வாடிப் போச்சே?”

“காலையில கூட்டி அள்ளினது. எம் பையன் மரத்தடி முழுக்க சிமெண்டு போட்டுட்டான், வண்டி நிறுத்தணுமாம். எனக்குத் துடைப்பம் தேயறதுதான் மிச்சம்.”

மருமகனின் பருத்திக் காட்டில் கிடைத்த மண்வெட்டி மேசைமேல் இருந்தது. அதில் மகளின் தலைமுடி ஒட்டியிருந்தது. காட்டை முழுக்கத் தோண்டியும் அவள் கிடைக்கவில்லை. மண்வெட்டியில் ஒட்டிய மண் எந்த இடத்து மண் என்று தெரிந்தால், எங்கே தேடுவதென்று தெரியும்.

“எங்க புதைச்சான்னு வாயைத் திறக்க மாட்டேங்கிறான் பாவி. இந்தக் கல்யாணமே வேணாம்னு எம் பையன் தலைபாடா அடிச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் தங்கச்சி முகத்துலயே அவன் முழிக்கல.”

ஆய்வாளர் ஒவ்வொரு பூவின் மகரந்தத்தையும் கண்ணாடித் தகட்டில் வைத்து, மண்ணில் கிடைத்ததோடு ஒப்பிட்டாள். அம்மாளும் நுண்ணோக்கியில் கண் வைத்தார்.

“எல்லாமே முள்ளுப் பந்து. அக்கா தங்கச்சிங்க மாதிரி.”

“முள்ளைப் பாருங்க. பருத்திக்கு நீளம், தள்ளித் தள்ளி இருக்கு. மண்ணுல இருக்கறது குட்டை, நெருக்கம்.”

நாலாவது தகட்டில், பூவரசில், முள் அதே குட்டை, அதே நெருக்கம். கைபட்டுக் கலந்துவிட்டதோ என்று, மண்ணிலிருந்து புதிதாக ஒரு தகடு தயாரித்தாள். அதிலும் அதேதான்.

“என்ன கண்ணு, திரும்பத் திரும்பப் பாக்கறே?”

“உங்க பக்கம் வேற பூவரசு இருக்காம்மா?”

“சுத்துவட்டாரத்துல எங்க வீட்டுல மட்டும்தான். ஏன்?”

“இந்தத் தூள் காத்துல பறக்காது. பூ விழுந்து மக்கின மண்ணுலதான் இவ்வளவு சேரும். மண்வெட்டி முழுக்க இதுதான். பருத்தி ஒண்ணுகூட இல்ல.”

அம்மாள் சிரிக்கப் பார்த்தார். “நல்லாப் பாரு. எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது.”

“ரெண்டு தடவை பார்த்துட்டேன். சிமெண்டு எப்பம்மா போட்டாரு?”

வெளியே ஹாரன் கேட்டது. அழைத்துப்போக மகன் வந்திருந்தான்.

“நாலாவது பொட்டலத்தை நான் கொண்டுவரவே இல்லைன்னு வெச்சுக்கோயேன்.”

மறுபடியும் ஹாரன். பொட்டலத்தை எடுக்க நீண்ட அம்மாளின் கை பாதியில் நின்றது.

“அவ காணாமப் போன மறுநாள் போட்டான்,” என்றார். “வெடிப்பு விடக் கூடாதுன்னு காலையும் சாயங்காலமும் நான்தான் தண்ணி ஊத்தினேன். நல்லா இறுகியிருக்கும். போலீஸ்கிட்ட சொல்லிடு.”