வாய்க்கட்டுக்கு முன் ஒரு செய்யுள்

எங்கள் வகையறாவில் இறந்தவர்கள், மூச்சு நின்று நான்கு மணி நேரம் கழித்து ஒரு செய்யுள் சொல்வார்கள். ஒன்றே ஒன்று, நான்கு அடி. சிலருக்குத் தமிழில் வரும், சிலருக்குத் தெலுங்கில், மராத்தியில், உருதுவில், சமஸ்கிருதத்தில். உயிரோடு இருந்தபோது அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 1974இல் இறந்த பொன்னுசாமிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் சொன்ன சமஸ்கிருதத்தில் ஒரு பிழை இல்லை. செஞ்சியில் மற்ற வீடுகளில் உயிர் போனதும் தாடையைத் துணியால் கட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் செய்யுள் முடிந்த பிறகுதான் வாய்க்கட்டு. மேளத்துக்குச் சொல்லுமுன் பாஷை தெரிந்தவர்களுக்குச் சொல்லி அனுப்புவோம். தெலுங்குக்கு எண்ணெய்க்கடை கலியபெருமாள் நாயுடு, மராத்திக்கு பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்த ராஜாராம் ராவ், உருதுவுக்கு மசூதித் தெரு தையல்கார பாய், சமஸ்கிருதத்துக்குத் தொண்டூர் தேவேந்திர நயினார். நான்கு பேரும் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் கடையில் சோடா வாங்கிக் கொடுப்போம்.

இவை தனித்தனிச் செய்யுள்கள் அல்ல. ஒரே நூலின் அடுத்தடுத்த செய்யுள்கள். கோட்டையில் பல பாஷைக்காரப் படைகள் இருந்த காலத்தில் எங்கள் முன்னோர் ஒருவர் ஐந்து பாஷையிலும் மாறி மாறி ஒரு நூல் பாடி, சால்வையும் வல்லத்தில் பதினெட்டுக் காணி மானியமும் பெற்றார். அதை ஏட்டில் எழுதுமுன் பாம்பு கடித்து இறந்தார். அதற்குப் பிறகு சந்ததியார் ஒவ்வொருவராக இறந்து அதைத் திருப்பிச் சொல்லி வருகிறார்கள் என்பது எங்கள் வீட்டு வரலாறு. கோட்டை, குளம், களஞ்சியம், குதிரை என்று அறுபத்திரண்டு செய்யுள்கள் சேர்ந்துவிட்டன. நூல் செய்தவர் பெயரைச் சொல்லும் செய்யுள் மட்டும் வரவில்லை. அது வந்ததும் புத்தகம் போட ஒரு தமிழ்ச் சங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. திண்டிவனம் ரோட்டில் முன்னோர் பெயரில் ஒரு வளைவும் வைப்பதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்கு மூத்தவரான தனகோட்டி, வளைவில் எழுத வேண்டிய எழுத்தைத் தானே வரைந்து பீரோவில் வைத்திருந்தார். அந்த வளைவைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

2016 ஆவணியில் அவருடைய சித்தி கமலாம்பாள் இறந்து தெலுங்கில் சொன்னார். கலியபெருமாள் கேட்டு முடித்துவிட்டுச் சோடாவைக் குடித்தார்.

"இன்னாய்யா சொல்லுது?" என்றார் தனகோட்டி.

"சொல்லலாமா வேணாமான்னு பாக்குறேன் மாமா."

"சாவு வூட்ல இன்னா ரகசியம், சொல்லு."

"இந்தப் பாட்டெல்லாம் கட்டுனது ஒரு பொம்பளயாம். குதிரை லாயத்துக்குப் புல்லு சுமந்தவளாம். அஞ்சு பாஷக்காரன்கிட்டயும் புல்லு வித்து, பேசிப் பேசியே அஞ்சும் கத்துக்கினாளாம். உங்க பெரியவரு பக்கத்துல நின்னு கேட்டு மனப்பாடம் பண்ணிக்கினு போயி, சபையில தன்னுதுன்னு சொல்லிட்டாராம். அவ பேரு அடுத்த பாட்டுல வருதாம்."

"உன்னுது எண்ணெய்க்கடைத் தெலுங்கு. உனக்கு இன்னாய்யா தெரியும்?"

"எண்ணெய்க்கடையிலயும் புல்லுன்னா புல்லுதான் மாமா."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். எங்கள் வீட்டுப் பந்தலில் வெளியார் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று, செய்யுள்களை எழுதி வைக்கும் நோட்டில் அறுபத்துமூன்றாம் பக்கத்தில் தேதி மட்டும் எழுதப்பட்டது.

அடுத்து யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தனகோட்டியின் அக்கா ரத்தினம்மாளுக்கு அப்போது எழுபத்தேழு வயது. பதினாறு வயதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். அவர் ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தார். அந்த ஐந்து வருஷமும் தனகோட்டி அவருக்குத் தானே மாத்திரை எடுத்துக் கொடுத்தார். பாசம் என்று ஊர் சொன்னது. 2021 மார்கழியில் படுத்த படுக்கையானதும் ரத்தினம்மாள் தம்பியைக் கூப்பிட்டார்.

"என் வாயக் கட்டப்போறியாமே?"

"யாரு சொன்னது?"

"உன் பொண்டாட்டி துணி கிழிச்சு மடிச்சு வெச்சிருக்கா. கண்ணு தெரியலன்னாலும் காது கேக்குதுடா."

தனகோட்டி மாத்திரை டப்பாவைத் திறந்தார்.

"இந்த வூட்ல அறுபத்தாறு வருஷம் வாய மூடிக்கினுதான் இருந்தேன். செத்தாவாவது நாலு வார்த்த பேசலாம்னு பாத்தேன்."

"மானம்னு ஒண்ணு இருக்குதுக்கா."

"இருக்குது, இருக்குது. ஆம்பளைங்களுக்கும் முன்னாடி அதுதான் பந்தியில உக்காருது, எங்களுக்கு மிச்சம் வெக்கறதில்ல."

மறுநாள் காலை எட்டு மணிக்கு உயிர் போனது. எட்டு அடித்து ஐந்து நிமிஷத்தில் வாய் கட்டப்பட்டது, இரட்டை முடிச்சு. பாஷைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அனந்தபுரத்திலிருந்து இரண்டு செட் மேளம் வந்து நிறுத்தாமல் அடித்தது. பன்னிரண்டு மணிக்குப் பிணத்தின் தொண்டை ஏறி இறங்கியது. துணி நனைந்தது, மாற்றினார்கள். மூன்று தடவை மாற்றினார்கள். பிறகு அடங்கிவிட்டது. தனகோட்டி செய்தது தவறு என்று இன்று பேசுகிற உறவினர்கள், அன்று துணி மாற்றும்போது பிணத்தின் தலையைப் பிடித்துக்கொண்டவர்கள்.

ஒன்பதாம் நாள் காலனியில் மாரியம்மாள் இறந்தார். தனகோட்டியின் வல்லத்து நிலத்தில் முப்பது வருஷம் வேர்க்கடலைக்குக் களை எடுத்தவர். அவருடைய மகன் பீமாராவ் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இறந்த நான்காவது மணி நேரத்தில், ஷாமியானாவின் கீழ், மாரியம்மாள் வாய் திறந்து மராத்தியில் சொன்னார். பீமாராவுக்கு மராத்திப் பெயர்தான் உண்டு, மராத்தி தெரியாது. போனில் பதிவு செய்துகொண்டு ராஜாராம் ராவுக்கு ஆள் அனுப்பினார். முப்பது வருஷம் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர், சட்டையை மாட்டிக்கொண்டு காலனிக்குப் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். அறுபத்துநான்காவது செய்யுள். நூல் செய்தவள் பெயர் காத்தாயி.

பெயர் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டது. தனகோட்டி இஸ்திரி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு, எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகக் காலனித் தெருவுக்குள் போனார். மகன் விமல்ராஜ் பின்னால் போனான். பிணம் இன்னும் எடுக்கப்படவில்லை. நாற்காலி போட்டார்கள்; அவர் உட்காரவில்லை.

"அது எங்க வூட்டுப் பாட்டுப்பா," என்றார்.

"எங்கம்மா வாயில வந்துது சார்," என்றார் பீமாராவ். "உங்க வூட்டுப் பாட்டுன்னா, உங்க வூட்ல ஏன் வாயக் கட்டுனீங்க?"

தனகோட்டி அவருக்குக் கிட்டே போனார். மற்ற யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "பேர மட்டும் விட்டுடு. மத்த எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ."

"பேரு மட்டுந்தான் சார் எங்களுக்கு வேணும். மத்ததெல்லாம் உங்ககிட்டதான முந்நூறு வருஷமா இருக்குது."

காத்தாயி தன் வம்சம் என்று பீமாராவ் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. யாரென்று தெரியாது என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். முந்நூறு வருஷம் வம்சாவளி ஒப்பித்தவர்களான எங்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தமிழ்ச் சங்கம் புத்தகத்தைத் தள்ளிப்போட்டது. வளைவுக்குத் தோண்டிய இரண்டு குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது.

அடுத்த பங்குனியில் தேவேந்திர நயினார் தனகோட்டியைப் பார்க்க வந்தார். அதற்குள் காலனியில் இன்னொரு சாவு விழுந்து, அறுபத்தைந்தாவது செய்யுள் சமஸ்கிருதத்தில் வந்திருந்தது. நயினார் அதைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"பேரோட நூல் முடியும்னுதான நெனைச்சோம். முடியல தனகோட்டி. ராசாவப் புகழ்ந்தது, கோட்டையப் புகழ்ந்தது, பேரு, எல்லாம் பாயிரந்தான். நூலு இப்பத்தான் ஆரம்பிக்குது."

"இத்தன தலைமுறையா செத்துக் குடுத்தது வெறும் முகவுரையா?"

"முகவுரைதான். ஆனா நல்ல முகவுரை," என்றார் நயினார். ஆறுதலாகச் சொன்னதாக அவர் எண்ணிக்கொண்டார்.

அன்றிலிருந்து தனகோட்டி விமல்ராஜிடம் ஒரே பேச்சுத்தான் பேசினார்: "எனக்கு வாய்க்கட்டு வேணாம். எந்த பாஷையில வந்தாலும், இன்னா வந்தாலும், அப்படியே எழுதிக்கோ. இந்த வூட்லயும் ஒண்ணு வரணும்." நோட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினார்.

2023 ஐப்பசியில் விடியற்காலையில் இறந்தார். வாயைக் கட்டவில்லை. நான்கு பேருக்கும் சொல்லி அனுப்பினோம்; கலியபெருமாள் மட்டும் வந்தார். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. மேளத்தை நிறுத்தச் சொன்னோம். தெருவில் ஆட்டோவைக் கூட நிறுத்தினார்கள். திறந்த வாயில் ஈ உட்கார்ந்தது. விமல்ராஜ் விசிறிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் நான்கு மணிக்குக் கலியபெருமாள் எழுந்து, "ஒண்ணும் வராதுப்பா, எடுத்துடலாம்," என்றார். அதற்குள் தாடை விறைத்துவிட்டதால் மூட முடியவில்லை. திறந்த வாயோடுதான் கொண்டுபோனோம்.

அதன் பிறகு எங்கள் வகையறாவில் மூன்று சாவு. மற்ற வீடுகளைப் போலவே உயிர் போனதும் கட்டிவிடுகிறோம். காலனியில் இதுவரை ஏழு செய்யுள்கள் வந்திருக்கின்றன. குதிரை லாயத்தில் அவளை யார் எப்படிக் கூப்பிட்டார்கள், புல் கட்டின் எடை எவ்வளவு, முதுகில் எந்த இடத்தில் காய்த்தது என்று, அந்தந்த பாஷையில், ஒளிவுமறைவு இல்லாமல் போகிறது நூல். அங்கே யாராவது இறந்தால் ஒட்டுகிற போஸ்டரில் நல்லடக்கம் எத்தனை மணிக்கு, செய்யுள் எத்தனை மணிக்கு என்று இரண்டும் போடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து வண்டியை நேரத்துக்குக் கிளப்பி வந்துவிடுகிறார்கள்.