நேரில் வந்த கட்டில்

என் அக்கா செத்துப்போன செய்தி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் பேக்கரி முனையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நடந்துபோன நான் அதை என் காதால் கேட்டேன். ஆனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அக்கா நீச்சல் டீச்சராக இருந்தவள். எங்கள் ஊரில் தண்ணீரில் விழுந்து யாராவது பிழைத்து எழுந்தார் என்றால் அவர் அக்காவிடம் திட்டு வாங்கியவர் என்று அர்த்தம். நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்று அவள் விசில் ஊதினால் தண்ணீரே ஒருமுறை நிமிர்ந்து நின்றுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கும். ஒருநாள் கொஞ்சம் பலமாக ஊதிவிட்டாள். ஆழமான பக்கத்துத் தண்ணீர் முழுக்க அரண்டுபோய் ஆழமில்லாத பக்கம் வந்து ஒதுங்கிக்கொண்டது. சமாதானம் செய்து திருப்பி அனுப்ப சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தண்ணீருக்கும் ஒரு நாள் வர வேண்டாமா? முதுகில் அடி. இனிமேல் உட்காரவே கூடாது, சக்கர நாற்காலியும் ஆகாது, படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு உலகம் என்பது ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு புதன்கிழமை.

புதன்கிழமைதான் நூலகர் சைக்கிளில் வருவார். அந்த அம்மாவை ஊரில் ‘உஷ்’ என்றுதான் சொல்வோம். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வார்த்தை வந்து பார்த்தவர்கள் குறைவு. எழுந்து நடமாட முடியாத உறுப்பினர்களுக்கு வீடு தேடிப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பது எங்கள் நூலகத்தின் வழக்கம். உஷ் கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். படித்ததை வாங்கிக்கொண்டு, படிக்காததைக் கொடுத்து, கொலைகாரன் சமையல்காரனா வக்கீலா என்று அக்காவோடு சண்டை போட்டுவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக்குள் மட்டும் அவருக்கு நன்றாகவே பேச்சு வரும்.

இந்த நிலையில்தான் நூலகத்துக்குப் புது அதிகாரி வந்தார். வந்த கையோடு வாசலில் ஒரு பலகை மாட்டினார்: ‘உறுப்பினர் நேரில் வந்தால் மட்டுமே நூல் வழங்கப்படும்.’ பின்வாசல் வழியாக யாரும் நேரில் வராமல் வந்துவிடக் கூடாது என்று அதைப் பூட்டி, பூட்டின் மேல் ஓர் அலமாரியையும் நகர்த்தி வைத்தார். ஊர் அவருக்கு ‘நேரில்’ என்று பேர் வைத்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை சைக்கிள் வரவில்லை. அக்கா கையில் ஒரு துப்பறியும் கதையின் முதல் பாகம். கடைசிப் பக்கத்தில் பிணம் மாடிப்படியில் கிடக்கிறது. கொன்றவன் இரண்டாம் பாகத்தில் இருக்கிறான். இரண்டாம் பாகம் நூலகத்தில் இருக்கிறது. நான் கிளம்பினேன்.

“சார், எங்க அக்காவால எழுந்திருக்க முடியாது. அவங்க அட்டை இதோ. புத்தகத்தை என்கிட்ட குடுங்க.”

“ஒருத்தர் அட்டையில இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. அவங்க நேரில் வரணும்.”

“எழுந்திருக்கவே முடியாதுங்கறேன், நேரில் வரச் சொல்றீங்களே?”

“எப்படி வர்றாங்கங்கறது எங்க விஷயம் இல்ல பெரியவரே. வந்தா குடுப்போம்.”

“சரி, அப்ப அந்த சைக்கிளையாவது விடுங்களேன்.”

“யார் படிக்கிறாங்கன்னு பார்க்காம நூல் குடுக்கறதுக்கு இது என்ன பால் ஊத்தற வேலையா?”

உஷ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசி முடிப்பதற்குள் பென்சிலே தீர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, என் சொந்த அட்டையிலேயே இரண்டாம் பாகத்தை எடுத்து வந்துவிடுகிறேன் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் காதில் தண்ணீர் ஏறியது.

“என் அட்டை எங்கடா போச்சு? இவ்வளவு வருஷமா நான் உறுப்பினர். இன்னிக்கு உன் அட்டையில ஒண்டிக் குடித்தனம் பண்ணணுமா? இன்னிக்கு நேரில் வான்னு சொல்றவன் நாளைக்கு நின்னுக்கிட்டு வாம்பான். எனக்கு என் புதன்கிழமை வேணும்.”

“அதுக்கு என்னக்கா பண்றது?”

“வந்தா குடுப்பேன்னு சொன்னான்ல? வர்றேன். கட்டிலைத் தூக்கு.”

பிளம்பர், பேக்கரிக்காரர், முடிதிருத்துபவர், டாக்ஸிக்காரர் என்று நாலு பேரைக் கூட்டி வந்தேன். நாலு பேருமே சின்ன வயதில் அக்காவால் குளத்தில் தள்ளப்பட்டவர்கள். மறுப்புச் சொல்லும் உறுப்பு அவர்களுக்கு அப்போதே ஊறிப் போய்விட்டது. ஆளுக்கு ஒரு கால் பிடித்தார்கள். வெயில் சுள்ளென்று இருந்ததால் அக்கா வெள்ளைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, முதல் பாகத்தை விரித்து முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டாள். கட்டில் ஆடிய ஆட்டத்தில் தெருமுனை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். ரோட்டில் பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

ஒரு கட்டிலை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனால் பார்ப்பவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

முதலில் மருந்துக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து பின்னால் சேர்ந்துகொண்டார். வங்கியில் வரிசையில் நின்றவர்கள் வரிசை கலையாமல் அப்படியே வந்தார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் எல்லாப் பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டு விறைப்பாக சல்யூட் அடித்தார். “என்னய்யா இது, சொல்லிடலாமா?” என்று பிளம்பர் என் பக்கம் திரும்பி முணுமுணுத்தார்.

“சும்மா வா. நாலு ரோட்டையும் நிறுத்தி வழி விடறாங்க. உயிரோட இருக்கறவளுக்கு இந்த ஊர்ல யார் இப்படி வழி விட்டிருக்கான்?”

நீச்சல் குளத்து வாட்ச்மேன் இதில் எல்லாரையும் மிஞ்சிவிட்டார். வேலையில் இருந்த காலம் முழுக்க அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லாத மனிதர். நாலு ரோடு சந்திப்பில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, “தங்கமான மனுஷி! ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினது இல்ல!” என்றார். அவ்வளவு பெரிய பொய்யை இந்த ஊரில் என்னைத் தவிர வேறு ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

கட்டிலைவிடச் செய்திக்குக் கால் நீளம். நூலக வாசலை அடைந்தபோது நேரில், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

“உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுத்துக்கறோம் பெரியவரே. தகவல் வந்ததுமே அட்டையை ரத்து பண்ணிட்டோம். அந்தப் புத்தகத்தை மட்டும் குடுத்துட்டு நீங்க ஆகவேண்டியதைப் பாருங்க.”

அக்காவின் முகத்தின்மேல் இருந்த புத்தகத்தை அவரே எடுக்கக் குனிந்தார். புத்தகத்துக்கு அடியிலிருந்து, “பிணம் கிடக்கற பக்கத்துக்கு அடையாளம் வெச்சிருக்கேன், கலைச்சிடாத,” என்று குரல் வந்தது.

அதிகாரி அப்படியே பின்னால் குதித்துப் போய், கண்ணில் பட்ட முதல் அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்தார். வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். சிலருக்கு ஏமாற்றம்தான். கடையைச் சாத்திவிட்டு வந்தவர்கள் அல்லவா?

“முதல் பாகம் முடிஞ்சது. ரெண்டாம் பாகம் எடு,” என்றாள் அக்கா. “நேரில் வந்திருக்கேன்.”

நேரில் இறங்கி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். “அட்டை ரத்தாயிடுச்சு. இதுல நீங்க... காலமாயிட்டதா இருக்கு.”

“நான் என்னவா இருக்கேன்?”

“மேலிடத்துல கேட்டுத்தான் மாத்த முடியும்.”

“அப்ப செத்தவளாவே இருக்கட்டும். உஷ்ஷம்மா, செத்தவகிட்ட இருக்கற புத்தகத்துக்கு என்ன விதி?”

உஷ் எழுந்து நின்றார். “இறந்த உறுப்பினர்கிட்ட இருக்கற நூலைத் திருப்பிக் கேட்டு வீட்டாரைத் தொந்தரவு பண்ணக் கூடாது. விட்டுடணும்,” என்றார். ஊர் முன்னிலையில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. பலர் கை தட்டினார்கள்.

அக்கா முதல் பாகத்தைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டாள். “நல்ல விதியா இருக்கே. தம்பி, உள்ள தூக்குங்கடா. இன்னும் நாலு எடுத்துக்கறேன்.”

தூக்கினார்கள். பாதிக் கட்டில் உள்ளே போனது. மீதிக் கட்டில் போகவில்லை. நிலைப்படியில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் நகரவில்லை. உள்ளே நேரில், உஷ், புத்தகங்கள், வெளியே ஊர், நடுவில் அக்கா.

“பின்வாசல் வழியா போங்க சார்,” என்றேன் நான் மரியாதையாக. அவர் அலமாரியைப் பார்த்தார். பூட்டின் மேல் நின்றிருந்த அந்த அலமாரியில் கலைக்களஞ்சியம் மொத்தமும் இருந்தது. அதை நகர்த்திவைத்த வேலையாட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

“அட்டை இல்லாதவங்களுக்கு நூல் தர முடியாது,” என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல்.

“உள்ளேயே படிக்க அட்டை வேண்டாம்,” என்றார் உஷ்.

“இவங்க உள்ள இல்லையே! பாதி வெளியில இருக்காங்க!”

“கால்தான் சார் வெளியில. தலை உள்ள இருக்கு. படிக்கறது தலை.” சொல்லிவிட்டு உஷ் இரண்டாம் பாகத்தை எடுத்து வந்து அக்கா கையில் கொடுத்தார்.

அக்கா படிக்கத் தொடங்கினாள், வாய்விட்டு. நீச்சல் குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கும் குரல் அது. வெளியே நின்ற ஊர் தரையில் உட்கார்ந்தது.

“சத்தமா படிக்கக் கூடாது! விதி இருக்கு!”

“செத்தவ படிக்கறது உங்களுக்குக் கேக்குதா?” என்றாள் அக்கா.

அவர் உஷ்ஷைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஒரே வார்த்தையைச் சொல்லிவந்த அந்த அம்மா, அதைச் சொல்லியே ஆக வேண்டிய அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கதை கேட்டார்.

மாடிப்படிப் பிணத்துக்கு ஓர் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணனுக்கு ஒரு சாவிக்கொத்து வந்தது. நேரில் முதலில் சுவரைப் பார்த்து நின்றார். அப்புறம் பக்கவாட்டில் நின்றார். சாவிக்கொத்து கிணற்றில் கிடைத்தபோது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலின் தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “அண்ணி மேலதான் எனக்குச் சந்தேகம்,” என்று தன்னையறியாமல் ஒருமுறை சொல்லவும் செய்தார். “வாயை மூடு, கதை போயிட்டிருக்கு,” என்று பிளம்பர் வெளியிலிருந்து அதட்டினார்.

கடைசி அத்தியாயம். வக்கீல் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைக்கிறார். விரலை நீட்டுகிறார். அக்கா புத்தகத்தை மூடினாள்.

“நூலகம் மூடற நேரம் ஆச்சு. விதி.”

ஊர் உறுமியது. ஆனால் யாரும் அக்காவை ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் பார்த்தது நேரிலைத்தான். அவர் கம்ப்யூட்டரில் விறுவிறுவென்று தட்டினார். மேலிடம் என்ற பேச்சே வரவில்லை.

“உயிர் வந்துடுச்சு டீச்சர்,” என்றார் உஷ், திரையைப் பார்த்து.

“ரொம்ப சந்தோஷம். அப்ப முதல் பாகத்தைப் பிடி, ரெண்டாம் பாகத்தை என் அட்டையில எழுது.”

“எழுதியாச்சு. இனி முடிங்களேன்,” என்றார் நேரில். “யாரு கொன்னது?”

“புதன்கிழமை சைக்கிள் வருமா?”

அவர் வாசலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “பலகை பலகைதான்மா. அதை என்னால...”

“அப்ப நானும் நான்தான். புத்தகம் என் அட்டையில என் வீட்டுக்குப் போகுது. அடுத்த வாரமும் வருவேன். இதே கட்டில், இதே நாலு பேர், இதே வாசல். படுக்கையில இருக்கற மத்தவங்களையும் கட்டிலோட வரச் சொல்றேன். கதை முடிவு வேணும்னா எங்க வீட்டுக்கு வாங்க சார். நேரில்.”

அவள் தலையணைக்கு அடியிலிருந்து பழைய விசிலை எடுத்து ஒருமுறை ஊதினாள். பிளம்பர் ஸ்பேனரை எடுத்து நிலையைக் கழற்றினார். அந்த ஒரே ஊதலில் நிலை தானாகவே கழன்று ஒதுங்கி நின்றது என்று ஊரில் சொல்கிறார்கள். பிளம்பர் பாவம், கைவலிக்கத் திருகினார். அதனால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓர் ஆணி மட்டும் தானாக விழுந்தது.

அடுத்த புதன்கிழமை ஜன்னலுக்கு வெளியே மணிச் சத்தம் கேட்டது. உஷ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் தகரப் பெட்டி. பெட்டி சரிந்துவிடாமல் பின்னால் பிடித்துக்கொண்டு வியர்க்க வியர்க்க வந்தவர் நேரில். பெட்டிக்கு மூடியாக ஒரு பலகை கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தது. மாட்டியிருந்த ஆணி ஓட்டை அதில் அப்படியே இருந்தது.

அக்கா பலகையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, எழுத்தை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்துக்கொண்டாள்.

“உட்காருங்க சார்,” என்றாள். “அண்ணி இல்ல.”