தங்கத்தாயின் சமன்பாடு

டுட்டோரியலில் பாடம் நடத்திவிட்டுத் தங்கத்தாய் வீட்டுக்கு வந்தபோது, முன்னறையில் கபீர் உட்கார்ந்திருந்தான். அம்மா பாலம்மாள் வாங்கிக் கொடுத்த கலர் சோடா பாட்டில் பாதி குடித்த நிலையில் அவன் பக்கத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் இருவருக்கும் எதிரெதிர் மேஜை. அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததும் அவள் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுச் சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டாள். இரண்டு வருடமாக அவனிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை.

“பேப்பர் வந்துட்டு” என்று வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ் ஒன்றை நீட்டினான்.

அவளுடைய கணக்குதான். தண்டின் ஒரு முனையில் அடித்தால் அலை போகப் போகப் பரந்து தேயும். பலமாக அடித்தால் அலையின் முகம் செங்குத்தாக நிமிரப் பார்க்கும். தண்டின் பருமன் அதை விரிக்கப் பார்க்கும். இரண்டும் சரிக்குச் சரியாக நின்றால், ஒரே ஒரு மேடு உருக்குலையாமல் தண்டு நெடுக ஓடும். எந்த இடத்தில் சரிக்குச் சரி என்பதை அவள்தான் எழுதினாள். அச்சில் முதல் பெயர் பேராசிரியருடையது, இரண்டாவது கபீருடையது. நன்றி சொன்ன இடத்தில்கூட அவள் இல்லை.

“உங்க பேரும் போடணும்னு சார்ட்ட சொன்னேன். போனவளுக்கு எதுக்குப் பேருன்னுட்டாரு. தீசிஸ்ல அவரு கையெழுத்து வேணும்லா, வாயை மூடிக்கிட்டேன்.”

“அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

அவன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினான். “திங்கக்கிழமை எனக்கு தீசிஸ் வைவா. பிளாஸ்டிக் தண்டுல அமுக்கம்தான ஓடும், உங்க கணக்குல இழுவை ஓடுதேன்னு பரீட்சகர் முன்கூட்டியே கேட்டு எழுதியிருக்காரு. சாருக்கும் பதில் தெரியல.”

பக்கத்தைப் புரட்டியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினாலாவது சமன்பாட்டில் ஒரு மைனஸ் இல்லை. அவளே செய்த பிழை. அங்கே விட்டுவந்த நோட்டிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து அதைத் திருத்திய நோட்டு உள்ளே பெட்டியில் இருந்தது. தெரியாது என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“இங்கன பாருங்க, ஒரு மைனஸ் விட்டுப்போச்சு” என்று வந்தது.

பிறகு நிறுத்த முடியவில்லை. பையிலிருந்த சாக்பீஸால் சுவரிலேயே எழுதினாள். அமுக்கினால் தண்டு எப்படிப் புடைக்கும் என்று கையால் காட்டினாள். ஒரு இடத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பாலம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கபீர் ஒரு வரி விடாமல் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டான்.

முடிந்ததும் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே கேட்டாள். “யாரு திருத்தினான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“உங்க பேரைச் சொல்லலாமான்னு சார்ட்ட கேட்டுப் பாக்கேன்.”

“கேக்க மாட்டீங்க.”

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

அப்பாவுக்கு மாத்திரை வாங்க அவளும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். மருந்துக்கடையிலிருந்து அவள் வெளியே வந்தபோது அவன் ஊருக்குப் போகும் கடையநல்லூர் பஸ் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கபீர். மடியில் தாள், கண்கள் மூடியிருந்தன. மனப்பாடம் செய்கிறவனைப்போல உதடுகள் அசைந்தன. பஸ் கடந்து போகிறவரை, எங்காவது தப்பாகச் சொல்கிறானோ என்று அவள் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.