சவரிமுத்து இல்லாத கேசட்

"கத்திரிக்கோலை எடுத்து உள்ள வைங்க," என்றார் கருப்பண்ணன். "இங்க யாரையும் வெட்டப் போறதில்லை."

ராஜமேரி கத்திரிக்கோலைப் பைக்குள் போட்டாள். அவள் கடத்தூரில் ரவிக்கை தைப்பவள். தங்கையின் கல்யாண வீடியோ கேசட்டில் ஓர் இடம் வேண்டாம் என்றால் நாடாவை வெட்டி ஒட்டுவார்கள் என்று நினைத்து, இருக்கிற கத்திரிகளில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு பொம்மிடியில் இருக்கிற கருப்பண்ணனின் வீடியோ கடைக்கு பஸ் ஏறியிருந்தாள்.

"வெட்டாம எப்படிங்க எடுக்கறது?"

"எடுக்கறதே இல்லைங்க. வேணுங்கறதை மட்டும் இன்னொரு கேசட்டுல ஏத்தறது. ஒரு வீடியோ டெக்குல ஓடும், இன்னொரு டெக்குல பதியும். வேண்டாத இடம் வந்தா பதியறதை நிறுத்திடறது. அவ்வளவுதான். சேலத்துக்கு அனுப்பினா பூவெல்லாம் பறக்கும், பேரு ஓடும். ஆனா ஒரு மாசம் ஆகும்."

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வூட்டுக்காரங்க கேசட் பார்க்க வர்றாங்க. பூ பறக்க வேண்டாங்க. ஒரு வாய் மூடினா போதும்."

கருப்பண்ணன் சிரித்துவிட்டார். அந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்தவரே அவர்தான். எந்த வாய் என்று அவருக்குத் தெரியும்.

ராஜமேரியின் தங்கை சகாயமேரியைக் கம்பைநல்லூரில் கொடுத்திருந்தார்கள். 1988 மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. வளர்த்தது பெரியப்பா சவரிமுத்து. அந்த வீட்டில் அவர் சொன்னால் அடுப்பு எரியும், அவர் முகம் திருப்பினால் அணையும். கோயிலில் பூசை முடிந்து பந்தலில் எல்லாரும் வாழ்த்தியபோது, சவரிமுத்து மேடையேறி, சகாயமேரியின் கையைப் பிடித்து ஒரு மோதிரம் போட்டுவிட்டார். கேமராவில் அவர் முகம் பெரிதாக, அழகாக விழுந்திருந்தது. ஆனால் கேமராவை ஒட்டி நின்றவர் ராஜமேரியின் அப்பா செபாஸ்டின். பக்கத்துக் காட்டுக்காரர் சென்னப்பனிடம் அவர் சொன்னதும் அதே இடத்தில் பதிந்திருந்தது.

"என்னா மினுக்கு மினுக்குது பாரு. பித்தளையா இருக்கும், புளி போட்டுத் தேய்ச்சிக்கிட்டு வந்திருப்பாரு."

செவ்வாய்க்கிழமை ராஜமேரி வீட்டில் கேசட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. அவள் கணவர் அருள்நாதன் சவுதியிலிருந்து போன லீவில் டிவியும் டெக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"நான் எங்க சொன்னேன்?" என்றார் செபாஸ்டின்.

"டிவி சொல்லுதுங்கப்பா."

"அது என் குரலா?"

"இன்னொருக்கா போடட்டுங்களா?"

"வேண்டாம், வேண்டாம்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரு கேலிக்குச் சொன்னது. அந்தாளு கேட்டா என்ன நெனைப்பாரு?"

"உங்களை ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. நீங்க இங்க இருக்கீங்க. அங்க குடித்தனம் பண்றது சகாயம்."



அதனால்தான் இந்தப் பயணம். வீட்டில் ஒரு டெக் இருக்கிறது. இன்னொன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும். கருப்பண்ணன் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, முன்பக்கம் முழுக்கப் பொத்தான்கள். இன்னொன்று சின்னது, மூடியில் கீறல் விழுந்தது.

"பெரிசை எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் கருப்பண்ணன். "இதுல ஆடியோ டப்புன்னு ஒண்ணு இருக்கு. படம் அப்படியே நிக்கும், சத்தத்தை மட்டும் மாத்திக்கலாம். உங்கப்பா பேசற எடத்துல ஒரு மாதா பாட்டு போட்டுடலாம்."

"தப்பாப் பொத்தானை அமுக்கிட்டா?"

"இருக்கற படத்து மேல வேற படம் ஏறிடும். கவனமா இருக்கணும்."

"அப்ப முதல் தடவை பண்றவங்களுக்கு எதுங்க நல்லது?"

"முதல் தடவைன்னா சின்னது. ஓட்டு, பதி, நிறுத்து. மூணே பொத்தான். ஆனா ரெண்டுலயும் ஒரு குணம் இருக்கு. பொத்தானை அமுக்கின உடனே பதியாது. கொஞ்சம் நின்னுதான் பிடிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு விநாடி, அஞ்சு விநாடி."

"கடிகாரத்தைப் பார்ப்பேனா, டிவியைப் பார்ப்பேனா? ஒருக்கா அமுக்குங்க, பார்க்கறேன்."

அவர் பெரிய டெக்கில் அமுக்கினார். ராஜமேரி நேரக் கணக்குக்கு வாய்க்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள். முதல் தடவை 'கர்த்தர்' என்கிறபோதே பிடித்துவிட்டது. இரண்டாம் தடவை ஜெபம் பாதி போயும் பிடிக்கவில்லை. பிறகு சின்னதில் அமுக்கச் சொன்னாள். 'கர்த்தர் உம்முடனே' என்று முடிக்கவும் பிடித்தது. மறுபடி அமுக்கச் சொன்னாள். அதே 'உம்முடனே'. மூன்றாம் தடவையும் அதேதான்.

"இது போதுங்க. இது சொன்ன சொல்லு மாறலை."

"மாரியம்மன் கோயில்ல பூசை போட்டு வாங்கின டெக்குங்க அது," என்றார் கருப்பண்ணன். "நீங்க போட்ட ஜெபத்துல மதம் மாறிடப் போவுது."

"ரெண்டு நாள் வாடகைக்கு ஞானஸ்நானம் தர மாட்டாங்க. கட்டிக் கொடுங்க."

சின்ன டெக்கைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கடத்தூர் வந்து சேர்ந்தாள்.

சனிக்கிழமை காலையில் தையல் மிசினை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு டெக்கையும் அருகருகே வைத்தாள். வேலை பிடிபட்டுவிட்டது. ரவிக்கை வெட்டும்போது தையலுக்குத் துணி விட்டு வெட்டுவதுபோல, வேண்டிய இடத்துக்கு ஒரு 'உம்முடனே' முன்னாலேயே அமுக்க வேண்டும். தாலி கட்டுவதற்கு முன்னால் அமுக்கினாள், ஜெபம் சொன்னாள், தாலி கட்டியது முழுசாகப் பதிந்தது. பத்தரைக்குக் கரண்டு போய் பதினொன்றே காலுக்கு வந்தது. சாமியார் இருமியது, யாரோ கேமராவை மறைத்து நின்றது, எல்லாம் போனது. சவரிமுத்து மேடையேறுகிற இடம் வந்ததும் நிறுத்தினாள். அவர் இறங்கி, பந்தி ஆரம்பித்ததும் மறுபடி அமுக்கினாள்.

செபாஸ்டின் பார்த்துவிட்டு, "வெட்டின எடமே தெரியலையே," என்றார்.

"தைக்கிறவ நான்."

ஞாயிறு பூசை முடிந்து கம்பைநல்லூர்க்காரர்கள் வந்தார்கள். சவரிமுத்து, மாப்பிள்ளை, சகாயமேரி. சவரிமுத்துவை நாற்காலியில் உட்காரவைத்து, ராஜமேரி கேசட்டைப் போட்டாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கோயில் வந்தது, தாலி வந்தது, வாழ்த்து வந்தது, பந்தி வந்தது. வழியனுப்பியதும் வந்து, டிவியில் வெள்ளைப் பொரி பொரிந்தது.

"நல்லா இருக்குதுங்க," என்றார் சவரிமுத்து. பிறகு கேட்டார்: "நான் எங்க?"

செபாஸ்டின் கேசட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மோதிரம் போட்டேனே. அது எங்க?"

"அப்ப கரண்டு போயிருச்சுங்க மாமா," என்றாள் ராஜமேரி.

"எனக்கு முன்னால ஏறினவன் இருக்கான். எனக்குப் பின்னால பந்தி இருக்கு. நான் ஏறுன நேரத்துக்கு மட்டுமா கரண்டு போச்சு?"

ராஜமேரி கேசட்டை வெளியே எடுத்தாள்.

"கல்யாணத்துல நான் வேண்டாதவன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்." அவர் எழுந்து துண்டை எடுத்தார். "வாம்மா சகாயம், போலாம்."

சகாயமேரி அக்காவைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கண் மட்டும் கலங்கிவிட்டது. செபாஸ்டின் கதவண்டை போய் நின்றார்.

"உக்காருங்க சம்பந்தி. என் பொண்ணு மேல தப்பில்லை. அந்த எடத்துல நான் ஒரு வார்த்தை பேசிட்டேன். அது கேசட்டுல வந்திருச்சு. அதை மறைக்கப் போயி உங்களையும் சேர்த்து எடுத்துட்டா."

"என்ன பேசுன?"

"என் வாயில வரலைங்க."

"அன்னைக்கு மட்டும் வந்துச்சா? வெட்டாத கேசட்டைப் போடுங்க."

ராஜமேரி முதல் கேசட்டைப் போட்டாள். விரல் தானாக டிவியின் சத்தம் குறைக்கிற திருகுக்குப் போனது.

"சத்தம் இருக்கட்டும்," என்றார் சவரிமுத்து.

அவர் மேடையேறினார். முகம் பெரிதாக வந்தது. மோதிரம் போட்டார். செபாஸ்டினின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. புளி போட்டுத் தேய்ச்சிக்கிட்டு வந்திருப்பாரு.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். சவரிமுத்து செபாஸ்டினைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு யாரு சொன்னா?"

"என்னதுங்க?"

"நான் புளி போட்டுத் தேய்ச்சது உனக்கு யாரு சொன்னா? வூட்டுல நான் ஒத்தையிலதானே தேய்ச்சேன்?"

செபாஸ்டின் கதவை விட்டு நகர்ந்து வந்தார்.

"அது என் வூட்டுக்காரி தெரசா மோதிரம். அவ போயி ஒம்பது வருசமா பொட்டியில கெடந்து கறுத்துப் போச்சு. மருமவளுக்குப் போடறோமே, அழுக்கோட போடறதான்னு புளி போட்டுத் தேய்ச்சேன். பித்தளைச் சொம்புக்கு அவ அதானே போடுவா."

"தங்கத்துக்குப் பூந்திக்கொட்டைங்க மாமா," என்றாள் ராஜமேரி. சொன்ன பிறகுதான், ஏன் சொன்னோம் என்று இருந்தது.

"அதை எனக்குச் சொல்ல வேண்டியவ அவதான், ஆத்தா."

சகாயமேரி விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்தாள். "அத்தை மோதிரம்னு என்கிட்ட ஏன் மாமா சொல்லலை?"

"செத்தவ மோதிரம்னு நீ கழட்டி வெச்சிட்டா?"

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "கழட்ட மாட்டேன்."

செபாஸ்டின் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்க சம்பந்தி."

"புளின்னது நெசந்தான். பித்தளைன்னதுக்கு மட்டும் மன்னிச்சேன்." சவரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு மறுபடி தோளுக்குப் போனது. "ராஜமேரி, நான் இருக்கற மாதிரி எனக்கு ஒரு கேசட் வேணும். என் மூஞ்சியை வுட்டுட்டு உங்கப்பன் வாயை மட்டும் எடுத்துடு."

"இந்த டெக்குல முடியாதுங்க மாமா. அதுக்கு வேற டெக்கு இருக்கு, பொத்தான் ஜாஸ்தி. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு வுட்டுட்டு வந்துட்டேன்."

"இதுல எடுத்தா ரெண்டும் போகும், வெச்சா ரெண்டும் இருக்குமா?"

"ஆமாங்க."



"அப்ப ரெண்டும் இருக்கட்டும்," என்றார் சவரிமுத்து.

"என் பேச்சு கம்பைநல்லூர் வரைக்கும் வருமுங்களா?" என்றார் செபாஸ்டின்.

"வரட்டும். யாராச்சும் கேட்டா எங்க சம்பந்திதான்னு சொல்றேன்."

ராஜமேரி சின்ன டெக்கில் புதுக் கேசட் ஒன்றைத் தள்ளினாள். முதல் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றினாள். பொத்தானை அமுக்கிவிட்டு வாய்க்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள்.

செபாஸ்டின் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதுல நாம பேசறது பதியாதுங்கப்பா. பேசலாம்," என்றாள் ராஜமேரி.

அவர் துண்டை எடுக்கவில்லை.